விஸ்வநாதன் ஆனந்தும் சதுரங்கக் கணினிகளும்

தமிழ்நாட்டைச் சேர்ந்த சதுரங்க வீரரும் ஐந்து முறை உலக வாகையாளர் (சாம்பியன்) பட்டம் வென்றவருமான விஸ்வநாதன் ஆனந்த் (பிறப்பு: டிசம்பர் 11, 1969), 1990களில் சதுரங்க மென்பொருள்களுக்கு எதிராக நேரடியாக விளையாடிய முன்னணி வீரர்களுள் ஒருவர் ஆவார். 1994இல் இலண்டனில் செஸ் ஜீனியஸ் என்ற நிரலை இவர் வென்றார். 1998இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் நடைபெற்ற எட்டு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் ரெபெல் 10 என்ற நிரலிடம் 3–5 என்ற கணக்கில் தோற்றார். இப்போட்டியில் விரைவு ஆட்டங்களில் கணினியும், நெடுநேர ஆட்டங்களில் ஆனந்தும் மேலோங்கியமை குறிப்பிடத்தக்கது. மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான திறன் வேறுபாடு அன்று சிந்திக்கக் கிடைக்கும் நேரத்தைச் சார்ந்திருந்தது என்பதை இம்முடிவு தெளிவாகக் காட்டியது. அதன் பின்னர் கணினி ஆனந்துக்கு எதிராளி என்ற நிலையிலிருந்து மாறி, துணையாகவும் பயிற்சிக் கருவியாகவும் ஆனது.

பின்னணி

ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். தாயார் சுசீலாவிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் விளையாடிப் பழகினார். 1987இல் உலக இளையோர் வாகையாளர் பட்டத்தையும், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற தகுதியையும் பெற்றார்.

இளமையில் ஆனந்த் தம் ஆட்ட வேகத்தால் அறியப்பட்டார். எதிராளி பல மணி நேரம் செலவிடும் ஆட்டத்தை இவர் அரை மணி நேரத்துக்குள் ஆடி முடிப்பதுண்டு. "மின்னல் சிறுவன்" என்ற பொருள்படும் பட்டப்பெயரும் இதனால் ஏற்பட்டது. நிலையைக் கண்டவுடன் தகுந்த காய்நகர்த்தலை உணர்ந்துகொள்வதே இவரது முதன்மையான வலிமையாகக் கருதப்பட்டது. வேகத்தையே வலிமையாகக் கொண்ட ஒருவர் வேகத்திற்காகவே உருவாக்கப்பட்ட இயந்திரத்தை எதிர்கொண்டதால், இவரது கணினிப் போட்டிகள் தனிக் கவனம் பெற்றன.

அதே காலகட்டத்தில் கணினிகளும் விரைவாக முன்னேறின. 1994 மே மாதத்தில் மியூனிக் நகரில் நடைபெற்ற மின்னல் ஆட்டப் போட்டியில், அன்றைய உலக வாகையாளர் காரி காஸ்பரோவ் ஃபிரிட்ஸ் 3 நிரலிடம் ஓர் ஆட்டத்தில் தோற்றார். 1996இல் பிலடெல்பியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியை அவர் 4–2 என்று வென்றார். 1997 மே மாதத்தில் நியூயார்க்கில் நடைபெற்ற மறுபோட்டியில் 2½–3½ என்று தோற்றார். டீப் புளூ நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயும் திறன் கொண்ட தனி வன்பொருளைக் கொண்டிருந்தது. ஆனந்த் எதிர்கொண்டவையோ சாதாரணத் தனிக் கணினியில் இயங்கக்கூடிய, எவரும் கடையில் வாங்கக்கூடிய மென்பொருள்கள் ஆகும்.

சதுரங்க நிரல்கள் இயங்கும் விதம்

கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பதற்கான அடிப்படைத் திட்டத்தை ஐக்கிய அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 1990களின் நிரல்கள் பெரும்பாலும் அத்திட்டத்தின் வளர்ச்சியே ஆகும். அவற்றின் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

* தேடல்: "நான் இதை நகர்த்தினால் எதிராளி எதை நகர்த்துவார், அதற்கு நான் எதை நகர்த்துவேன்" என்று கிளைகிளையாக ஆராய்தல்.
* மதிப்பீடு: ஒவ்வொரு கிளையின் முடிவிலும் உள்ள நிலைக்கு ஓர் எண்ணை வழங்குதல். காய்களின் மதிப்பு, அரசனின் பாதுகாப்பு, காலாள்களின் அமைப்பு போன்றவை கணக்கில் கொள்ளப்படும்.
* தொடக்க ஆட்ட நூல்: ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை முன்கூட்டியே சேமித்து வைத்த தரவுத்தளம்.
* இறுதி ஆட்ட அட்டவணை: மிகச் சில காய்களே எஞ்சியுள்ள நிலைகள் அனைத்துக்கும் பிழையற்ற விடையைக் கொண்ட தரவுத்தளம். ஏழு காய்கள் வரையிலான அட்டவணைகள் 2012இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லமனோசவ் மீக்கணினியில் கணிக்கப்பட்டன.

ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்த்தல்கள் இயலும் எனக் கொண்டால், இரு தரப்பும் ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னர் 900 நிலைகள் தோன்றும். இரு முறை நகர்த்தினால் 8,10,000 நிலைகளும், மூன்று முறை நகர்த்தினால் 72 கோடியே 90 இலட்சம் நிலைகளும் தோன்றும். இவை அனைத்தையும் ஆராயத் தேவையில்லை. எதிராளியின் ஒரு பதில் நகர்த்தலே ஒரு திட்டத்தைத் தோற்கடிக்கப் போதுமானது என்று தெரிந்துவிட்டால், மற்றப் பதில்களை ஆராயாமல் அக்கிளையை வெட்டிவிடலாம். இது ஆல்ஃபா-பீட்டா வெட்டு எனப்படும். நகர்த்தல்கள் மிகச் சிறந்த வரிசையில் ஆராயப்படுமானால், மேற்கண்ட 72 கோடிக்கு மேற்பட்ட நிலைகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 54 ஆயிரம் நிலைகளை மட்டும் மதிப்பிட்டால் போதும்.

இம்முறைக்கு ஒரு குறைபாடும் உண்டு. நிரல் எந்த ஆழம் வரை தேடுகிறதோ அதற்கு அப்பால் உள்ள ஆபத்து அதற்குத் தெரியாது. இது தொடுவான விளைவு என்று அழைக்கப்படுகின்றது. காலாள்கள் ஒன்றையொன்று தடுத்து நிற்கும் மூடிய நிலைகளில், இருபது நகர்த்தல்களுக்குப் பின்னர் பயன் தரும் திட்டத்தை மனிதர் வகுக்கலாம். அன்றைய கணினியால் அதைக் காண இயலாது. இதனால் கணினிக்கு எதிராக ஆடுவோர் காய்கள் நேரடியாக மோதும் திறந்த நிலைகளைத் தவிர்க்க முற்பட்டனர்.

செஸ் ஜீனியஸ் நிரலுடன் ஆட்டம் (1994)

1994இல் இலண்டனில் நடைபெற்ற இன்டெல் விரைவுச் சதுரங்கப் போட்டியில், ரிச்சர்ட் லாங் எழுதிய செஸ் ஜீனியஸ் நிரலும் ஒரு போட்டியாளராகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடங்கள் வழங்கப்பட்டன. முதற் சுற்றில் இந்நிரல் காஸ்பரோவை 1½–½ என்று வென்று போட்டியிலிருந்து வெளியேற்றியது. அடுத்த சுற்றில் பிரெத்ராக் நிக்கோலிச் என்ற கிராண்ட்மாஸ்டரையும் வென்றது. அதனை அடுத்து எதிர்கொண்ட ஆனந்த் நிரலை வீழ்த்தினார். காஸ்பரோவை வென்ற நிரலை ஆனந்த் நிறுத்தினார் என்பதால் இவ்வெற்றி பெரிதும் பேசப்பட்டது.

ரெபெல் 10 நிரலுடன் போட்டி (1998)

ரெபெல் நெதர்லாந்தைச் சேர்ந்த எட் ஷ்ரோடர் எழுதிய நிரல் ஆகும். அவரது நிரல் 1992இல் மாட்ரிட் நகரில் நடைபெற்ற உலகக் கணினிச் சதுரங்க வாகையாளர் போட்டியில் முதலிடம் பெற்றது. 1998 ஜூலையில் ரெபெல் 10 பதிப்பு இஸ்கியா தீவில் ஆனந்துடன் மோதியது. அப்போது ஆனந்த் உலகத் தரவரிசையில் காஸ்பரோவுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் இருந்தார்.

போட்டி மூன்று வகையான நேரக்கட்டுப்பாடுகளில் நடத்தப்பட்டது. முடிவுகள் வருமாறு:

| ஆட்ட வகை | நேரம் (ஒரு தரப்புக்கு) | ஆட்டங்கள் | ரெபெல் 10 | ஆனந்த் |
|---|---|---|---|---|
| மின்னல் ஆட்டம் | 5 நிமிடம். நகர்த்தலுக்கு 5 நொடி கூடுதல் | 4 | 3 | 1 |
| விரைவு ஆட்டம் | 15 நிமிடம் | 2 | 1½ | ½ |
| நெடுநேர ஆட்டம் | 40 நகர்த்தலுக்கு 2 மணி. பின்னர் 1 மணி | 2 | ½ | 1½ |
| மொத்தம் | | 8 | 5 | 3 |

முடிவின் பொருள்

மொத்தக் கணக்கில் ரெபெல் வெற்றி பெற்றது. ஆனால் உலக வாகையாளர் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் நெடுநேரக் கட்டுப்பாட்டில் ஆடப்படுபவை. அவ்வகையில் ஆனந்த் ஓர் ஆட்டத்தை வென்று மற்றொன்றைச் சமநிலையில் முடித்தார். இதனால் இரு தரப்பு ஆதரவாளர்களும் முடிவைத் தத்தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடிந்தது. இரண்டே நெடுநேர ஆட்டங்களைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலாது என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

நேரம் கூடக்கூட மனிதர் மேலோங்கியதன் காரணத்தைத் தேடலின் இயல்பைக் கொண்டு விளக்கலாம். மேற்கண்ட மின்னல் ஆட்டத்தில் 40 நகர்த்தல்களுக்குக் கூடுதல் நொடிகளையும் சேர்த்து ஒரு தரப்புக்கு 8 நிமிடம் 20 நொடி கிடைக்கும். நெடுநேர ஆட்டத்தில் அதே 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம் கிடைக்கும். அதாவது நேரம் 14 மடங்குக்கு மேல் அதிகரிக்கிறது. சிறந்த வெட்டு முறையிலும் ஒவ்வொரு கூடுதல் நகர்த்தலுக்கும் தேடல் ஐந்து அல்லது ஆறு மடங்கு பெருகும் எனக் கொண்டால், 14 மடங்கு நேரத்தைக் கொண்டு கணினி ஏறத்தாழ ஒன்றரை நகர்த்தல் ஆழம் மட்டுமே கூடுதலாகக் காண முடியும் என்று மதிப்பிடலாம். மனிதருக்கோ அந்த நேரம் வேறு வகையில் பயன்படுகின்றது. ஐந்து நிமிட ஆட்டத்தில் கண்ணிலிருந்து தப்பும் ஒரு தாக்குதலை இரண்டு மணி நேர ஆட்டத்தில் அவர் பெரும்பாலும் கண்டுகொள்வார். கணினியின் தொடுவானத்துக்கு அப்பால் செல்லும் திட்டத்தையும் வகுக்க முடியும்.

எனவே 1998இல் மனிதரிடம் எஞ்சியிருந்த மேன்மை, சிந்திக்க நேரம் இருக்கும்வரை மட்டுமே நிலைத்தது எனலாம். வன்பொருள் வேகமும் நிரல்களின் மதிப்பீட்டுத் திறனும் ஆண்டுதோறும் வளர்ந்ததால் அந்த மேன்மையும் நீண்ட காலம் நீடிக்கவில்லை.

கணினியுடன் இணைந்து ஆடுதல்

டீப் புளூவிடம் தோற்ற பின்னர் காஸ்பரோவ் புதியதொரு ஆட்டமுறையை முன்வைத்தார். இதில் இரு வீரர்களும் ஆடும்போதே தத்தம் கணினியைக் கலந்தாலோசிக்கலாம். உயர்நிலைச் சதுரங்கம் என்ற பொருளில் பெயரிடப்பட்ட இம்முறையில் முதற் போட்டி 1998இல் ஸ்பெயின் நாட்டின் லியோன் நகரில் காஸ்பரோவுக்கும் வெசலின் டோபலோவுக்கும் இடையில் நடைபெற்று 3–3 என்று சமநிலையில் முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், கணினி இல்லாமல் நடந்த விரைவு ஆட்டங்களில் காஸ்பரோவ் டோபலோவை 4–0 என்று வென்றிருந்தார். கணக்கிடும் பணியைக் கணினி ஏற்றுக்கொண்டபோது அவ்வேறுபாடு மறைந்துபோனது.

1999இல் லியோனில் ஆனந்த் அனத்தோலி கார்ப்போவை 5–1 என்று வென்றார். தொடர்ந்து 2000, 2001 ஆகிய ஆண்டுகளிலும் அங்கு பட்டம் பெற்றார். 2002இல் விளாடிமிர் கிராம்னிக்கிடம் தோற்றார். கணினி காட்டும் நகர்த்தலை எப்போது ஏற்பது, எப்போது புறக்கணிப்பது, குறுகிய நேரத்தில் எந்தக் கிளையை மட்டும் ஆராயச் சொல்வது ஆகியவற்றை விரைந்து முடிவு செய்யும் திறன் இம்முறைக்கு இன்றியமையாததாக இருந்தது. கணினியைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்திவந்த ஆனந்துக்கு இது பொருந்தியது.

மனிதர்–கணினிப் போட்டிகளின் முடிவு

2002 முதல் 2006 வரை நடைபெற்ற நெடுநேரப் போட்டிகளில் கணினிகளின் மேலாதிக்கம் படிப்படியாக உறுதியானது.

* 2002, பகுரைன்: கிராம்னிக் – டீப் ஃபிரிட்ஸ், 4–4
* 2003, நியூயார்க்: காஸ்பரோவ் – டீப் ஜூனியர், 3–3
* 2005, இலண்டன்: மைக்கேல் ஆடம்ஸ் – ஹைட்ரா, ½–5½
* 2006, பான்: கிராம்னிக் – டீப் ஃபிரிட்ஸ், 2–4

பான் நகரப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் உலக வாகையாளரான கிராம்னிக், அடுத்த நகர்த்தலிலேயே தம் அரசன் வீழ்வதைக் கவனிக்கத் தவறினார். 2009இல் அர்ஜென்டினாவின் புவெனசு அயர்சில் நடைபெற்ற ஒரு போட்டியில், கைப்பேசியில் இயங்கிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 நிரல் 10 ஆட்டங்களில் 9½ புள்ளிகள் பெற்றது. இதன் பின்னர் முன்னணி வீரர் ஒருவர் வலுவான நிரலுடன் சம நிலையில் மோதுவது பொருளற்றதாகிவிட்டது.

உலக வாகையாளர் போட்டிகளில் கணினியின் பங்கு

நேரடிப் போட்டி முடிவுக்கு வந்தாலும், கணினி போட்டிக்கான ஆயத்தப் பணிகளில் நிலையான இடத்தைப் பெற்றது. 2008இல் ஆனந்த் கிராம்னிக்கை 6½–4½ என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். இப்போட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கிராம்னிக் டீப் ஃபிரிட்சிடம் தோற்ற அதே பான் நகரக் கலை அரங்கில் நடைபெற்றது. மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் ஆனந்த் கருப்புக் காய்களுடன் மெரான் என்ற தொடக்க முறையில் முன்கூட்டியே ஆயத்தம் செய்த கூர்மையான நகர்த்தல்களைக் கையாண்டு இரண்டையும் வென்றார். அவரது உதவிக் குழுவில் ருஸ்தம் காசிம்ஜானவ், பீட்டர் ஹைனே நீல்சன், சூர்ய சேகர் கங்குலி, ராதோஸ்லாவ் வொய்தாசெக் ஆகியோர் இருந்தனர்.

2010இல் சோபியாவில் ஆனந்த் டோபலோவை எதிர்கொண்டபோது, டோபலோவின் அணி ரிப்கா நிரலைப் பெரும் கணினித் தொகுதியில் இயக்கி ஆயத்தம் செய்வதாகச் செய்திகள் வெளியாயின. பதினொரு ஆட்டங்களின் முடிவில் இருவரும் 5½ புள்ளிகளுடன் சமமாக இருந்தனர். இறுதி ஆட்டத்தில் ஆனந்த் கருப்புக் காய்களுடன் ஆடி வென்றார். கணினி ஆயத்தம் முடிவுற்ற பின்னர், பலகையின் முன் அமர்ந்து எடுக்கும் முடிவுகளே பட்டத்தைத் தீர்மானித்தன.

2013இல் சென்னையில் நடைபெற்ற போட்டியில் ஆனந்த் மாக்னஸ் கார்ல்சனிடம் 3½–6½ என்று பட்டத்தை இழந்தார். தொடக்க நகர்த்தல்களை எல்லா வீரர்களும் ஒரே வகையான நிரல்களைக் கொண்டு ஆராயத் தொடங்கியதால் அங்கு மட்டும் மேன்மை பெறுவது கடினமாயிற்று. கார்ல்சன் எளிய தொடக்கங்களைத் தேர்ந்து, ஏறத்தாழச் சமமான நிலைகளை நெடுநேரம் ஆடி எதிராளியின் சிறு தவறுகளுக்காகக் காத்திருக்கும் முறையைப் பின்பற்றினார்.

கோ விளையாட்டுடன் ஒப்பீடு

கிழக்கு ஆசியாவின் கோ விளையாட்டில் இதே மாற்றம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது. கோ 19 × 19 கோடுகள் கொண்ட பலகையில், 361 சந்திப்புகளில் கற்களை வைத்து ஆடப்படுகின்றது. ஒரு நிலையில் இயலும் நகர்த்தல்கள் சராசரியாக 250 என்பதாலும், ஒரு கல்லின் மதிப்பை எண்ணாகத் தருவது கடினம் என்பதாலும் சதுரங்க நிரல்களின் வழிமுறை இங்கு பயனளிக்கவில்லை.

டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ நிரல் நரம்பியல் வலையமைப்புகளைக் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்தது. 2016 மார்ச்சில் சியோலில் அது தென் கொரிய வீரர் லீ செடோலை 4–1 என்றும், 2017இல் சீன வீரர் கே ஜியேயை 3–0 என்றும் வென்றது. லீ செடோல் நான்காம் ஆட்டத்தை வென்றார். 2019இல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

இவ்வழிமுறை பின்னர் சதுரங்கத்துக்கும் வந்தது. 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபாசீரோ, விதிகளை மட்டும் பெற்றுத் தன்னுடன் தானே ஆடிக் கற்றுக்கொண்டு, ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்கு எதிரான 100 ஆட்டங்களில் 28ஐ வென்று 72ஐச் சமநிலையில் முடித்தது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் நிரலும் நரம்பியல் வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது.

முறைகேடுகள்

கணினி மனிதரை விஞ்சிய பின்னர், ஆட்டத்தின்போது அதன் உதவியை மறைவாகப் பெறுவது பெரும் சிக்கலாக உருவெடுத்தது. 2006 டிசம்பரில், தொப்பிக்குள் புளூடூத் கருவியை மறைத்து வைத்து உதவி பெற்ற ஓர் இந்திய வீரருக்கு அனைத்திந்திய சதுரங்கக் கூட்டமைப்பு 10 ஆண்டுகள் தடை விதித்தது.

2021 ஜூன் மாதத்தில் கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் இணையம் வழியாக ஒரே நேரத்தில் பல பிரமுகர்களுடன் ஆடினார். அதில் தொழிலதிபர் ஒருவர் ஆனந்தை வென்றார். மறுநாள், கணினியின் உதவியும் பிறர் உதவியும் பெற்றே அவ்வாறு ஆடியதாக அவர் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1998இல் ஆனந்த் தாம் ஆடுவது கணினியுடன் என்று அறிந்தே ஆடினார்; 2021இல் அறியாமலே கணினியை எதிர்கொண்டார்.

தமிழ்நாட்டுப் பயிற்சி முறைகளில் தாக்கம்

ஆனந்துக்குப் பின்வந்த தலைமுறையினர் கணினி தம்மைவிட வலிமையானது என்ற உண்மையுடனேயே வளர்ந்தவர்கள். சென்னையில் ஆர். பி. ரமேஷின் பயிற்சியில் ர. பிரக்ஞானந்தா, ர. வைசாலி ஆகியோர் உருவாகினர். சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டலில் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் சதுரங்க நிரல்களைப் பயன்படுத்தாமலே பயின்றார். விடையைக் கணினியிடம் உடனே கேட்டுவிட்டால் தானே கணக்கிட்டு முடிவு எடுக்கும் பழக்கம் வளராது என்பது இம்முறையின் அடிப்படை ஆகும். பின்னர் உயர்நிலைப் போட்டிகளுக்கு அவரும் நிரல்களைப் பயன்படுத்தினார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7½–6½ என்று வென்று 18 வயதில் உலக வாகையாளரானார்.

2020இல் தொடங்கப்பட்ட வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் சதுரங்கக் கழகத்தின் வாயிலாகக் குகேஷ், பிரக்ஞானந்தா உள்ளிட்டோருக்கு ஆனந்த் வழிகாட்டினார். கணினியுடன் போட்டியிட்ட தலைமுறைக்கும், கணினியைக் கொண்டு கற்ற தலைமுறைக்கும் இடையிலான இணைப்பாக ஆனந்த் விளங்குகிறார்.

இவற்றையும் பார்க்க

* விஸ்வநாதன் ஆனந்த்
* கணினிச் சதுரங்கம்
* டீப் புளூ
* ஆல்ஃபாகோ
* கோ (விளையாட்டு)
* உலக சதுரங்க வாகையாளர் போட்டி 2013
* தொ. குகேஷ்